டாக்டர் வரைந்த இரண்டு கோடுகள்

நாகல் நகர், திண்டுக்கல்
12-8-1998

சண்முகவள்ளிக்கு,

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். நலம் விசாரித்தால் அது பொய்யாக இருக்கும். போன வெள்ளிக்கிழமைதான் மதுரையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேன் படத்தைப் பார்த்தேன். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் சொன்ன எதையும் உன் மகன் செழியன் குறித்துக்கொள்ளவில்லை. மருமகள் இசைவாணி குறித்தாள், பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில். அது இந்நேரம் தொலைந்திருக்கும். மறுபடி சொல்கிறேன்.

உன் கழுத்தில் இருக்கும் கட்டியிலிருந்துதான் நோய் முதுகெலும்புக்கு இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதைக் கழலை என்று சொல்லி முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாய். இப்போது நடு முதுகில் ஒரு எலும்பு அரித்துப் போயிருக்கிறது. ஆபரேஷனுக்கு வழியில்லை. கரண்ட் வைக்கும் கதிர்வீச்சு மெஷினில் உன் முறை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்; ஆஸ்பத்திரியிலிருந்து அட்டை வரும். அதுவரை வெள்ளை மாத்திரை காலையிலும் இரவிலும், சாப்பிட்ட பிறகு. வலி மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான். பொறுத்துக்கொண்டு கிடப்பது பெருமையல்ல. பெல்ட்டைப் போடாமல் எழுந்து நடக்காதே. குடம் தூக்காதே. குனியாதே.

வெள்ளிக்கிழமைப் பூ வந்தது. உன் அண்ணன் படத்துக்குப் போட்டேன். அவர் போன நாளிலிருந்து வாரம் தவறாமல் சனாவுல்லாவின் பூ வண்டியில் நிலக்கோட்டையிலிருந்து பொட்டலம் வருகிறது. சீட்டு ஒன்றும் வந்ததில்லை, நானும் எழுதியதில்லை. இனிமேல் நீ குனிந்து பூப்பறிக்கக் கூடாது. அவர் கோபிக்க மாட்டார்.

மணிமேகலை

*

நிலக்கோட்டை
21-8-98

மதினி அவர்களுக்கு வணக்கம்.

உங்க கடுதாசி வந்துச்சு. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கவும் செழியன் கோர்ட்டு நோட்டீசுன்னு பயந்துட்டான். இசைவாணி வாசிச்சா. அப்புறம் நானும் எழுத்துக் கூட்டி ரெண்டு தரம் வாசிச்சேன். அஞ்சாப்பு வரைக்கும் படிச்சது வீண் போகலை.

மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடுறேன். பெல்ட்டும் போடுறேன். பூப்பறிக்க வர்ற ஒச்சாயி அதைப் பாத்துட்டு, "ஏத்தா, ஏட்டு வேலைக்கு எடுத்துட்டாகளா உன்னய"ன்னு கேக்குறா. சிரிச்சா முதுகுல ஈட்டி பாயுது. அதுக்காகச் சிரிக்காம இருக்க முடியுமா.

நீங்க அன்னைக்கு மதுரைக்கு வந்தது எனக்குப் பெரிசு. "இங்கிலீசு பேசத் தெரிஞ்ச ஆளு வேணும், அத்தையைக் கூப்பிடுறேன்"னு செழியன் சொன்னப்ப, வரமாட்டாகடான்னு நான்தான் சொன்னேன். நீங்க பட்டுச்சேலை கட்டிக்கிட்டு விடியக்காலம் நாலு மணிக்கே உங்க வீட்டு வாசல்ல நின்னீகளாம். அந்த டாக்டர்கிட்ட நீங்க பேசின பேச்சு! எனக்கு ஒண்ணும் புரியாட்டியும் கண்ணு ரெண்டும் போதலை. எங்கண்ணன் பொண்டாட்டின்னு பக்கத்துல இருந்த பொம்பளைகிட்டச் சொன்னேன்.

ஒண்ணு கேக்கணும். டாக்டர் உங்ககிட்டப் பேசிக்கிட்டே ஒரு தாள்ல படம் வரைஞ்சாரே. நீங்க அதை மேசையிலயே விட்டுட்டு எந்திரிச்சீக. நான் எடுத்து மடிச்சுச் சுருக்குப்பையில வச்சுக்கிட்டேன். எலும்பு அடுக்கு தெரியுது. அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நீளக் கோடு போட்டிருக்கு, கொடிக்குக் குச்சி ஊண்டுன மாதிரி. கோட்டுல அங்கங்க ஆணி அடிச்சாப்புல புள்ளி. அந்தக் கோடு என்ன மதினி? எனக்கு எலும்பெல்லாம் அப்படியா இருக்கு?

பூ வரும். நான் குனியலை. ஒச்சாயி பறிப்பா, நான் கட்டுவேன்.

சண்முகவள்ளி

*

நாகல் நகர்
29-8-1998

சண்முகவள்ளிக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டர்கள் எல்லோருக்கும் படம் வரைந்து காட்டுவது வழக்கம். அது பொதுவான எலும்புப் படம். அதைப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. கிழித்துப் போட்டுவிடு.

கயிற்றுக் கட்டிலில் படுக்கிறாய் என்று இசைவாணி சொன்னாள். கூடாது. பலகைமேல் பஞ்சு மெத்தை போடச் சொல். மெத்தையைச் சனாவுல்லா வண்டியில் அனுப்பியிருக்கிறேன். அது உன் அண்ணனுடையது. வெளுத்துத் தைத்தது.

கரண்டுக்கு அட்டை வந்ததா? வராவிட்டால் நான் ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன்.

உன் எழுத்தில் தப்புகள் இருக்கின்றன. ஆனால் புரிகிறது.

மணிமேகலை

*

நிலக்கோட்டை
9-9-98

மதினி அவர்களுக்கு,

மெத்தையில படுத்திருந்துதான் எழுதுறேன். நெஞ்சுமேல பலகையை வச்சு எழுதுறதால கோடு மேல கீழ போகும். தப்பையும் சேத்து மன்னிச்சுக்கங்க.

அட்டை இன்னும் வரலை.

காலைப் பத்திச் சொல்லணும். போன வாரம் தோட்டத்து வரப்புல நடந்து போனேன். ஒச்சாயி பின்னாடி வந்தா. "ஏத்தா, ஒத்தைச் செருப்போட எங்க போற"ன்னா. திரும்பிப் பாத்தா இடது கால் செருப்பு பத்தடி பின்னால கிடக்கு. கழண்டது எனக்குத் தெரியலை மதினி. மண்ணுல வெறுங்காலு படுறதும் தெரியலை. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு. முந்தாநாள் அடுப்படியில விழுந்தேன். செழியன் தூக்கி உக்கார வச்சான். அவன் வெளிய போயி முகத்தைக் கழுவிட்டு வந்தான். புகை பட்டுருச்சுன்னு சொல்றான்.

சுகாதார நிலையத்து நர்சு பொன்னழகு ஊசி போட வந்துச்சு. அதுகிட்ட அந்தப் படத்தைக் காட்டினேன். நீங்க கிழிக்கச் சொன்னீக, மனசு வரலை. அது பாத்துட்டு, "இது முதுகுல கம்பி வச்சு நிறுத்துற ஆபரேஷன் மாதிரில இருக்கு. ஏன் பண்ணலை?"ன்னு கேட்டுச்சு.

நான் சொன்னேன், "எங்க மதினி பக்கத்துல இருந்தாக. டாக்டர் முடியாதுன்னுட்டாராம். அவுக கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துல படிச்சவுக, ஒரு எழுத்துத் தப்பாச் சொல்ல மாட்டாக"ன்னு. பொன்னழகு ஊசிப் பெட்டியை மூடிக்கிட்டு எந்திரிச்சிருச்சு.

சரியாத்தானே சொன்னேன்?

சண்முகவள்ளி

*

நாகல் நகர்
23-9-1998, புதன், காலை

சண்முகவள்ளி,

இதைத் தபாலில் போடவில்லை. பூ இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் சனாவுல்லா கையில் கொடுக்கிறேன். மதியத்துக்குள் உன்னிடம் வந்துவிடும். முதலில் செய்ய வேண்டியதை எழுதுகிறேன், மற்றதைப் பிறகு வாசி.

செழியனிடம் சொல்லி இன்றைக்கே கார் பிடித்து மதுரைக்குப் போ. உட்காராதே, பின்சீட்டில் படுத்துக்கொண்டு போ. படம் வரைந்த டாக்டர் ஆனந்த்ராஜை நேற்று நேரில் பார்த்தேன். உனக்குப் படுக்கை வைத்திருக்கிறார். கால் முழுவதும் போவதற்குள் வந்துவிட வேண்டும் என்றார். ஆபரேஷன் செய்வார்.

ஆமாம். ஆபரேஷன் உண்டு. ஆகஸ்டு ஏழாம் தேதியே உண்டு.

அன்றைக்கு அவர் சொன்னதை இப்போது அப்படியே எழுதுகிறேன். "கட்டியை முழுவதும் எடுக்க முடியாது. இதனால் நோய் போகாது. ஆனால் எலும்பு சரிந்து தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்துகிற பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் இருக்கிற நல்ல எலும்புகளில் திருகு போட்டு இரண்டு பக்கமும் கம்பி நிறுத்தலாம். வலி குறையும். இருக்கிற நாள்வரை தன் காலில் நடப்பார், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். இன்று நடந்து வந்திருக்கிறார். நடக்கும்போதே செய்துவிட வேண்டும்."

அதற்குத்தான் அந்தப் படம். அந்த இரண்டு கோடுகள்தான் கம்பிகள்.

"நோய் போகாது என்றால் எதற்காக அறுக்க வேண்டும்?" என்று கேட்டேன். "இதற்காக" என்று அவர் உன் கால்களைக் காட்டினார். நீ சேலையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டாய். உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆபத்து உண்டா என்றேன். நூற்றில் நாலைந்து பேர் பிழைப்பதில்லை என்றார். "நோயாளியிடம் கேட்டு நாளைக்குள் சொல்லுங்கள்" என்றார். நான் உன்னிடம் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து, "ஆபரேஷனுக்கு வழியில்லையாம்" என்றேன். மறுநாள் அவருக்கு டெலிபோன் செய்து, நோயாளிக்கு விருப்பமில்லை என்றேன்.

ஏன் என்று கேட்பாய். உன் அண்ணனைப்போல நீயும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்விடக் கூடாது, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று இரக்கப்பட்டேன். இப்படித்தான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை அப்படியே எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். அது உண்மையில்லை.

உண்மை இது. 1989-இல் உன் அண்ணன் உடலைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து இறக்கியபோது நீ நடுத்தெருவில் நின்று சொன்னாய்: "உசுரோட கூட்டிட்டுப் போன எங்கண்ணனை அறுத்துப் பொட்டலமாக் கொண்டாந்திருக்கீகளே மதினி." நாகல் நகர் முழுக்கக் கேட்டது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னதும், ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததும் உண்மை. அவர் மறுபேச்சுப் பேசாமல் வந்தார். நாலாம் நாள் போய்விட்டார்.

அந்தச் சொல்லை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியமில்லை. நீ மேசையிலேயே போய்விட்டால் செழியன் அதைச் சொல்வான், உன் சனம் முழுக்கச் சொல்லும். கத்தி வைக்கச் சொன்னவள் என்ற பெயர் மறுபடி வேண்டாம் என்று நினைத்தேன். உன் காலைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. இன்று இருபத்து மூன்று. செருப்புக் கழன்றது உனக்குத் தெரியவில்லை என்று வாசித்த பிறகும் பன்னிரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். "ஒரு எழுத்துத் தப்பாச் சொல்ல மாட்டாக" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

என்னைத் திட்டுவதற்கு நேரம் இருக்கிறது. காருக்குச் சொல்லி அனுப்பு.

மணிமேகலை

*

மதுரை, ஆஸ்பத்திரி
24-9-98

மதினி,

வண்டிக்காரர் உங்க கடுதாசியைக் கொண்டாந்து குடுத்தப்ப எனக்கு இடது காலைத் தூக்க முடியலை. திங்கக்கிழமை வரைக்கும் தூக்கினேன். இதைத் தெரிஞ்சுக்கங்க.

இங்க வந்து சேந்தாச்சு. நாளைக்குக் காலையில ஆபரேஷன்.

டாக்டர் ஆனந்த்ராஜ் என் கட்டில்ல உக்காந்து எல்லாத்தையும் எனக்கே சொன்னாரு. தமிழ்ல சொன்னாரு மதினி. அவுகளுக்கு ஊரு சித்தையன்கோட்டைப் பக்கந்தானாம். அம்புட்டு நல்லாப் பேசுறாரு. அன்னைக்கு ஏன்யா என்கிட்டப் பேசலைன்னேன். "உங்க அண்ணிதான் முதல்லயே, நீங்க பயந்த சுபாவம், எதுன்னாலும் தன்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னாங்க. நான் உங்ககிட்ட நேராக் கேட்டிருக்கணும், அது என் தப்பு"ன்னாரு.

நானா பயந்தவ? கிணத்துல விழுந்த கன்னுக்குட்டியைக் கயித்தைப் பிடிச்சு இறங்கித் தூக்கினவ நானு. நீங்க மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீக. என் முன்னாடியே உக்காந்து என் காலைப் பத்திப் பேசி முடிச்சிருக்கீக. நான் அங்க வேடிக்கை பாத்துக்கிட்டு, எங்க மதினி எப்படிப் பேசுறாகன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அதை நினைச்சாத்தான் முதுகு வலியவிட வலிக்குது.

அந்த நூத்துல நாலு பேரை என்கிட்டச் சொல்லியிருந்தா, மிச்சம் தொண்ணூத்தாறு பேர் இருக்காகள்லன்னு சொல்லியிருப்பேன்.

உங்களை ஏசி இன்னும் நாலு பக்கம் எழுதலாம். கை ஓயுது. அதோட எனக்கும் ஒண்ணு சொல்லக் கிடக்கு. நாளைக்கு நான் எந்திரிக்காட்டி அது என்னோட போயிரும். போகக் கூடாது.

சென்னைக்குப் போறதுக்கு முந்தின நாளு அண்ணன் தோட்டத்துக்கு வந்துச்சு. கிணத்து மேட்டுல செத்த நேரம் உக்காந்திருந்துச்சு. போகாதண்ணேன்னு நான் அழுதேன். அப்பச் சொல்லுச்சு: "அவ சொல்றதுக்காகப் போகலை ஆத்தா. எனக்கே இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்னு ஆசையா இருக்கு. இந்த வயசுல அதை அவகிட்டச் சொல்ல வெக்கமா இருக்கு. அவளே பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு"ன்னுச்சு. சிரிச்சுச்சு.

இதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நடுத்தெருவுல நின்னு அப்படிப் பேசினேன். ஒம்பது வருசமா அதைச் சொல்லாமத்தான் பூ அனுப்பினேன். இதுக்கு அது சரியாப் போச்சுன்னு நினைச்சுக்கிறாதீக. என் கால் என் கால்தான்.

இங்க வராதீக. கூப்பிடுறப்ப வாங்க.

சண்முகவள்ளி

*

நாகல் நகர்
5-10-1998

சண்முகவள்ளி,

வர வேண்டாம் என்றாய். மாடிக்கு வரவில்லை. ஆபரேஷன் அன்று, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து கீழே மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் இருந்தேன். இசைவாணி தண்ணீர் பிடிக்க வந்தாள். என்னைப் பார்த்தாள். தூக்குவாளியிலிருந்து ஒரு தம்ளர் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் படியேறினாள். பன்னிரண்டரைக்கு மறுபடி இறங்கி வந்து, "அத்தை, முழிச்சுட்டாங்க. வலது காலை ஆட்டுறாங்க" என்றாள். இடது கால் என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தாள்.

டாக்டரிடம் ஏன் ஆங்கிலத்தில் தொடங்கினேன் என்று பத்து நாளாக யோசிக்கிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் பழக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் பொய் சொல்லப் பழக்கவில்லை. அந்த அறையில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ பார்த்தாய். உன் முகம் எனக்குத் தெரியும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணன் உன்னிடம் சொன்னதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. என் பேச்சுக்குப் பயந்துதான் வந்தார் என்று நினைத்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கண்ணைப் பார்க்காமல் பூப்போட்டேன். நேற்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். என்னிடம் சொல்ல என்ன வெட்கம் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். உன்மேலும் கோபம் இருக்கிறது. அதைக் காட்டும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை.

இடது கால் ஏதாவது அசைகிறதா? ஒரு வரி போதும்.

மணிமேகலை

*

நிலக்கோட்டை
22-11-98

மதினி அவர்களுக்கு,

உக்காந்து எழுதுறேன். கோடு நேரா இருக்கா பாருங்க.

ஒரு வரி கேட்டிருந்தீக. கோபத்துல விட்டுட்டேன், அப்புறம் கரண்டு வச்ச அசதியில கிடந்தேன். அது போன வாரம் முடிஞ்சுச்சு. சோறு இறங்கலை, இப்ப இறங்குது. நேத்து கத்திரிக்கா வெஞ்சனம் வைக்கச் சொல்லி ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

முதுகுல அந்த ஈட்டி இல்லை மதினி. ஆபரேஷன் முடிஞ்சு நாலாம் நாளே இல்லை. தும்மினேன், வலிக்கலை. அதுக்கு அழுதேன். வலது காலு என் பேச்சைக் கேக்குது. இடது காலு கூடவே இழுபட்டு வருது, வேண்டாத விருந்தாளி மாதிரி. முன்கூட்டி வந்திருந்தா ரெண்டும் நடந்திருக்குமாய்யான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். "நடந்திருக்க வாய்ப்பு அதிகம்"னாரு. கம்பு ஊண்டி, கொல்லைக்கு நானாப் போயிட்டு நானா வர்றேன். மருமக கையை எதிர்பாக்கலை. அதுக்குத்தான் இந்த ஆபரேஷன்னு இப்பப் புரியுது. அதைத்தான் நீங்க வேண்டாம்னீக.

இந்த வாரம் தோட்டத்துல மல்லிகைச் செடிக்குக் கவாத்து, கிளை கழிக்கிறாக. நாற்காலி போட்டு நடுவுல உக்காந்துக்கிட்டேன். "ஒட்ட வெட்டு, முழங்கால் உசரம் நிறுத்து"ன்னு கத்துனேன். "படுத்துக் கிடந்தப்பவே நல்லா இருந்துச்சு, இப்ப ஏட்டு இன்ஸ்பெக்டராயிருச்சு"ன்னு ஒச்சாயி முணுமுணுக்குறா. மாசிக்கு மேல பூ வெடிக்கும்.

மன்னிச்சேன்னு எழுதச் சொல்லாதீக. வரலை. வந்தா எழுதுறேன். நான் நடுத்தெருவுல பேசினதுக்கு நீங்களும் எழுத வேண்டாம்.

ஒரு வேலை சொல்றேன், செய்யணும். தை பொறந்து எனக்கு மறுபடி ஸ்கேன் எடுக்கணும். படத்தை எடுத்துட்டு நான் வீட்டுக்கு வந்துருவேன். நீங்க தனியாப் போயி டாக்டரைப் பாத்து மூணு கேள்வி கேக்கணும். கம்பி நிக்குமா? கடைசி வரைக்கும் கொல்லைக்கு நானாப் போவேனா? அடுத்த கவாத்துக்கு இருப்பேனா?

செழியனை அனுப்பினா அழுதுட்டு வந்து புகைன்னு சொல்லுவான். டாக்டர் என் முகத்தைப் பாத்தா மெதுவாச் சொல்லுவாரு. நீங்க போங்க. உங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியும், அது பொய்யின்னு ஒத்துக்கவும் தெரியும். கேட்டதை எனக்கு மட்டும் எழுதுங்க. கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.

சண்முகவள்ளி

*

நாகல் நகர்
18-1-1999, திங்கள்

அன்புள்ள வள்ளி,

இன்று காலை பத்தரை மணிக்கு டாக்டர் ஆனந்த்ராஜைப் பார்த்தேன். தமிழில் பேசினேன். அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

உன் கேள்விகளை நீ எழுதியபடியே வாசித்தேன்.

கம்பி நிற்குமா என்பதற்கு, "கம்பி நன்றாக நிற்கிறது, திருகு எதுவும் அசையவில்லை, கம்பியால் அவருக்குத் தொந்தரவு வராது" என்றார். பிறகு ஸ்கேன் படத்தை விளக்குச் சட்டத்தில் மாட்டினார். கம்பிக்கு மேலே, இரண்டு எலும்பு தள்ளி, ஒரு நிழல் இருக்கிறது. அது செப்டம்பரில் இல்லை. புதியது. நுரையீரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

கொல்லைக்கு நீயாகப் போவாயா என்றேன். "இன்னும் பல மாதம் போவார். அந்த மேல் எலும்பு சரிந்தால் போக முடியாது. அது எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. அந்த இடத்துக்கு ஐந்து தடவை கரண்ட் வைத்தால் தள்ளிப் போகும். இன்னொரு ஆபரேஷன் செய்ய மாட்டேன்; உடம்பு தாங்காது" என்றார். கடைசிவரைக்கும் என்றால் என்ன சொல்வீர்கள் என்று மறுபடி கேட்டேன். "கடைசி சில வாரங்கள் படுக்கையில் இருக்கக்கூடும்" என்றார்.

மூன்றாவது கேள்வி. அவருக்கு ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம் என்றாலும் மல்லிகைக்குக் கவாத்து எந்த மாதம் என்று தெரியவில்லை. கார்த்திகையில் என்றேன். விரல் விட்டு எண்ணினார். "இந்த வருடப் பூவைப் பார்ப்பார். அடுத்த கவாத்துக்கு இருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு மாதம். கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம்."

வள்ளி, அப்போது நான் செய்ததையும் எழுத வேண்டும். "ஒரு வருடம் என்று எழுதட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. "அம்மா, அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க?" என்றார்.

எட்டு மாதம்.

கூட்டவில்லை, குறைக்கவில்லை. இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. உன் அண்ணன் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதினேன்.

இன்னொன்று. ஐந்து தடவை கரண்ட் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று டாக்டருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். "கேட்டுச் சொல்லுங்கள்" என்று இந்தத் தடவையும் என்னிடம்தான் சொன்னார். எனக்கு அபிப்பிராயம் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை.

நீ இன்னும் கூப்பிடவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை, பூ இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் வருகிறேன். சனாவுல்லாவிடம் சொல்லிவிட்டேன். ஏச வேண்டும் என்றால் ஊர் கேட்க நடுத்தெருவில் நின்று ஏசு. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள அங்கே எனக்குக் கதவு கிடையாது.

டாக்டர் மறுபடியும் படம் வரைந்தார். இரண்டு கோடுகளும் இருக்கின்றன. மேலே ஒரு எலும்பைப் பென்சிலால் கறுப்பாக்கியிருக்கிறார். எது எது என்று உனக்கு விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதனால் தபாலில் அனுப்பவில்லை, கையில் கொண்டுவருகிறேன். இந்தத் தடவை அதை மேசையில் விட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை.

மணிமேகலை